ஒன்பது மணிக்கு மேல்

மேகம் விலகிவிட்டது என்று மாமனார் சொன்னபோது யாமினி போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள்.

நரசிம்மன் மோட்டல் அறையின் ஜன்னல் திரையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விடிய இன்னும் நேரம் இருந்தது. ஜிண்டபைன் ஏரிக்கு அந்தப் பக்கம், மலைமுகட்டுக்கு மேலே நட்சத்திரங்கள் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் மாதிரி மின்னின.

"நேத்து பூரா அந்தக் கொட்டு கொட்டுச்சு. இன்னிக்குப் பாரு, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு," என்றார். "நேரத்தோட கிளம்பிடலாம்மா. திங்கக்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள வாசல் தாண்டிட்டா போதும்."

"சரி மாமா," என்றாள் யாமினி. சொன்ன வாயோடு, அந்த நேரத்துக்குக் கிளம்பப் போவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டாள்.

இந்த மலையில் மழை கொட்டுகிற இரவு பெரிய ஆபத்தில்லை. மழைக்குப் பிறகு வானம் வெளுக்கிற இரவுதான் ஆபத்து. மேகம் போர்வை மாதிரி. அது விலகினால் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். முந்தின நாள் ஈரம் தார் ரோட்டின் மேல் கண்ணாடித் தகடாக உறைந்து கிடக்கும். பார்க்க வெறும் கறுப்பு ரோடாகத்தான் இருக்கும். பிளாக் ஐஸ் என்பார்கள். சிட்னியில் பதினோரு வருஷம் இருந்தும் அவளோ கணவன் ஜெகதீஷோ அந்த வார்த்தையைக் காதால் கேட்டதில்லை. போன வருஷம் இதே ஜூன் மாத லாங் வீக்கெண்டில்தான் கேட்டாள். அப்போது ஜெகதீஷ் உயிரோடு இல்லை.

அந்தத் தடவை அவர்கள் பனியைப் பார்க்க வந்தவர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஓபரா ஹவுஸ், புளூ மவுண்டன்ஸ், அப்புறம் குளிர்காலமானால் பனி என்று அவர்கள் இருக்கும் சிட்னி கிரவீனில் எல்லார் வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. மாமியார் மீனாம்பாள் முழங்கால் ஆபரேஷன் என்று திருச்சியிலேயே தங்கிவிட்டதால் மாமனார் மட்டும் வந்திருந்தார். ஜெகதீஷ் பயந்து பயந்துதான் எல்லாம் செய்தான். டயருக்குச் சங்கிலி வாடகைக்கு எடுத்தான். பனியில் எப்படி பிரேக் போட வேண்டும் என்று ஒரு வாரம் யூடியூபில் பார்த்தான். மேலே போனால் பனியே இல்லை. சீஸன் ஆரம்பம். மெஷின் வைத்துத் தூவிய ஒரு துண்டு வெள்ளை மட்டும் சரிவில் கிடந்தது. அதில் ஐந்நூறு பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்காடா ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வந்தே?" என்று கேட்டார் நரசிம்மன். "உங்கம்மா ஃப்ரிட்ஜை டீஃப்ராஸ்ட் பண்ணாம விட்டா இதைவிட ஜாஸ்தி இருக்கும்."

கையோடு கொண்டு போன புளியோதரையைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சங்கிலி டிக்கியில் பிரிக்காமலே கிடந்தது.

அன்றிரவு, ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்கு எடுத்த கேபினில் மறுநாள் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. லீவு நாள்தானே, நிதானமாக எழுந்து ஒன்பது மணிக்கு மேல் போகலாம் என்றான் ஜெகதீஷ். நரசிம்மன் கேட்கவில்லை. எல்.ஐ.சி.யில் முப்பத்துநாலு வருஷம் டெவலப்மென்ட் ஆபீஸராக இருந்தவர். ராகு காலத்தில் ஒரு பாலிசிக்கும் கையெழுத்து வாங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தினசரி காலண்டரைத் திருச்சியிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கிரவீன் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தார்.

"ஒன்பதுன்னு சொன்னா நீங்க பத்துக்குக் கிளம்புவீங்க. பத்தரைக்கு எமகண்டம். வேண்டாம்டா. ஏழரைக்குள்ள வண்டிய எடு. ரோடும் காலியா இருக்கும்."

"இங்க சூரியனே ஏழு மணிக்கு மேலதான்பா வர்றாரு. ராகு மட்டும் எப்படி நம்ம ஊர் டைமுக்கு டூட்டிக்கு வருவாரு?"

"கிண்டல் பண்ணு. உன் கல்யாணத்துக்கு நாள் பார்த்தவன் நான்தான். குறைஞ்சா போயிட்டே?"

"அதுல ஒண்ணும் சொல்ல முடியாது," என்று யாமினியைப் பார்த்துச் சிரித்தான் ஜெகதீஷ். ஆறரைக்கு அலாரம் வைத்தான். காலையில் முன் கண்ணாடியில் வெள்ளையாய்ப் பிடித்திருந்த உறைபனியை, ரயிலுக்குத் தேய்க்கும் ஓப்பல் கார்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். ஏழரைக்குச் சற்று முன்னால் காரை எடுத்தார்கள். நரசிம்மன் பின் சீட்டில் பேத்தி ஹரிப்பிரியாவின் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உடனே தூங்கிவிட்டார். பெரிடேல் என்ற ஊருக்கு முன்னால் ஒரு வளைவு. ஜெகதீஷ் வேகமாகக்கூடப் போகவில்லை. கார் அவன் சொன்ன பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். "யாமினி" என்று சாதாரணமாகக் கூப்பிடுகிற குரலில் ஒருமுறை சொன்னான்.

ஹரிப்பிரியாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. மாமனாருக்கு இடுப்பு எலும்பு. யாமினிக்கு நெற்றியில் ஐந்து தையல்.

கான்பரா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் இளம் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு விளக்கினார். அந்த வளைவில் வடக்குச் சரிவில் பைன் மரங்கள் இருப்பதால் காலை வெயில் நேரம் கழித்துத்தான் விழும். உங்கள் கணவர் மேல் தவறில்லை. அங்கே எட்டு மணிக்கு யார் வந்திருந்தாலும் இதுதான். ஒன்பது மணிக்கெல்லாம் ரோடு காய்ந்துவிடும், கொஞ்சம் தாமதமாக மட்டும் கிளம்பியிருந்தால் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, ஆபரேஷன் முடிந்து கண் விழித்த நரசிம்மன் கேட்டார். "எப்படிம்மா ஆச்சு?"

"கங்காரு குறுக்க வந்துடுச்சு மாமா," என்றாள். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது அதுதான்.

அவர் அப்படியே நம்பினார். மகனுடைய தகனத்துக்கு அவரால் வர முடியவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் போனில் பார்த்தார். அதன்பிறகு விசாவை நீட்டித்து, கிரவீன் வீட்டில் யாமினியோடு ஒரு வருஷம் இருந்தார். வாக்கர், அப்புறம் கைத்தடி. யார் துக்கம் விசாரிக்க வந்தாலும் அவரே சொல்வார். "நல்ல நேரம் பார்த்துதான் கிளம்பினோம். வாயில்லாப் பிராணி, அதைச் சொல்லி என்ன ஆகப் போகுது." திருச்சியில் மீனாம்பாளுக்கும் மகள் விமலாவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கங்காருக் கதைதான் தெரியும்.

வருஷாப்திகம் போன வாரம் முடிந்தது. விசாவும் முடிகிறது. இன்று இரவு அவருக்கு ஃப்ளைட். போவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த இடத்தை ஒரு தடவை காட்டும்மா. நான் தூங்கிட்டே இருந்துட்டேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஹரிப்பிரியாவைப் பக்கத்து வீட்டு சுஜீவாவிடம் விட்டுவிட்டு வந்தாள். அந்தக் குழந்தைக்கு பிளாக் ஐஸ் என்ற வார்த்தை நன்றாகவே தெரியும். சனிக்கிழமை வரும்போது அந்த வளைவை இருட்டில்தான் கடந்தார்கள். அவள் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம், வெயில் நேரத்தில், கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஞாயிறு முழுக்க மழையும் பனியும் கலந்து அடித்தது. எதிரே வருகிற வண்டி தெரியாத மூட்டம். அவசியமில்லாமல் வெளியே போகாதீர்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மிச்சம் இருந்தது திங்கட்கிழமைக் காலைதான்.

மழை நின்றது தெரிந்ததுமே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

நரசிம்மன் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் அதன்மேல் ஜெகதீஷின் நீலப் பஃபர் ஜாக்கெட்டுமாகக் கட்டில் விளிம்பில் தயாராக உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் அவருக்குத் தோளில் தொங்கியது.

"டீ போடறேன் மாமா."

"வழியில குடிச்சுக்கலாமே."

"கெட்டில் போட்டுட்டேன்."

டீயைக் குடித்தார். கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவள் பையில் எதையோ தேடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா?"

"கார் சாவியைக் காணோம்."

"நீ குனியறப்ப கோட்டு பாக்கெட்ல கிணுகிணுங்குதே, அது என்ன?"

யாமினி பாக்கெட்டில் கை விட்டு, இப்போதுதான் கண்டுபிடித்தவள் மாதிரி சாவியை எடுத்தாள். அவர் சிரித்தார். "உங்க மாமியாரும் இப்படித்தான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டே கண்ணாடியைத் தேடுவா."

போன் அதிர்ந்தது. சுஜீவா. யாமினி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"என்ன யாமினி, வெளிக்கிட்டாச்சே?"

"இல்லக்கா. மாமா ஏழரைக்குள்ள கிளம்பணும்னு நிக்கிறாரு. வெளிய எல்லாம் உறைஞ்சு கிடக்கு."

"அப்ப ஒன்பதுக்குப் பிறகு போவம் எண்டு சொல்லுங்கோவன். ராகு காலமும் முடிஞ்சிடும்."

"அதைத்தான்க்கா சொல்ல முடியல."

"ஏன் ஏலாது?"

"அன்னிக்கு ஜெகதீஷ் சொன்னது அதுதான். ஒன்பதுக்கு மேல போலாம்னு. மாமாதான் வேண்டாம்னாரு. இப்ப நானும் அதையே சொன்னா ஏன்னு கேப்பாரு. ரோடு காயணும்னு சொல்லணும். அப்ப அன்னிக்கும் காய்ஞ்சிருக்குமான்னு கேப்பாரு."

"ஓம், அதுவும் சரிதான். வயசு போன மனுசன். ஊருக்குப் போய் மனுசியின்ர முகத்தைப் பாக்க வேணுமெல்லோ. சொல்லாதேங்கோ. கார் ஸ்டார்ட் வருதில்லை எண்டு ஒரு பொய்யைச் சொல்லுங்கோ. நான் என்ர மனுசனுக்கு உப்பிடி எத்தினை சொல்லியிருக்கிறன்."

"பாப்பா?"

"படுத்திருக்கிறா. ராத்திரி புட்டு சாப்பிட்டவ. நீங்க பாத்து மெதுவா வாங்கோ."

அவள் குழாயை மூடிவிட்டு வெளியே வந்தபோது அறையில் நரசிம்மன் இல்லை. பையும் இல்லை. கதவு லேசாகத் திறந்து, குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். வெளுக்கத் தொடங்கியிருந்தது. மாமனார் காருக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றி நின்றார். அவர் எதிரில் மோட்டலை நடத்துகிற பெரியவர், அந்தக் குளிரிலும் அரை டிராயரோடு, கையில் கண்ணாடி சுரண்டும் பிளாஸ்டிக் துண்டோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சு கேட்கவில்லை. கை தெரிந்தது. அவர் வானத்தைக் காட்டினார். பெரிடேல் போகும் ரோட்டைக் காட்டினார். பிறகு ஒரு உள்ளங்கையை இன்னொரு உள்ளங்கையின் மேல் வைத்துச் சர்ரென்று வழுக்கிக் காட்டினார். நரசிம்மன் தலையை ஆட்டினார். அந்தப் பெரியவர் இன்னும் என்னவோ சொன்னார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். நரசிம்மன் மறுபடியும் தலையை ஆட்டினார்.

யாமினி ஷூவைச் சரியாகப் போடாமல் ஓடினாள். வாசல் படியில் கால் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் மோட்டல்காரர் நடக்கத் தொடங்கியிருந்தார். "உங்கப்பா விஷயம் புரிந்தவர். சொன்னதும் கேட்டுக்கொண்டார். சூரியன் அந்த மேட்டைத் தாண்டி வரட்டும்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். வேறு என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

"உள்ள வா. குளிருது," என்றார் நரசிம்மன்.

அறைக்குள் வந்து பையை இறக்கி வைத்தார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது.

"ஒன்பதுக்கு மேல போலாம்," என்றார்.

எழுந்ததிலிருந்து யாமினி எந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வந்தாளோ, அதை அவரே எடுத்துக் கீழே வைத்துவிட்டார். ஜெகதீஷ் சொன்ன அதே மாதிரி, ஒரு எழுத்து மாறாமல்.

"ஃப்ளைட்டுக்கு நேரம் இருக்கு இல்ல?"

"இருக்கு மாமா. ராத்திரி எட்டு மணிக்குள்ள ஏர்போர்ட் போனா போதும்."

"அப்ப சரி."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளை வதைத்தது. சாதாரணமாக இரண்டு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். கான்பராவில் எத்தனை ஜனங்கள், இந்த ஏரித் தண்ணீர் எங்கே போகிறது, ஆட்டுக்கு இந்தக் குளிர் தாங்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பவர். இப்போது எழுந்து இரண்டு கட்டில் போர்வைகளையும் மடித்து வைத்தார். மோட்டலில் மடிக்க வேண்டியதில்லை என்று அவள் சொல்லவில்லை. மடித்த போர்வையை மறுபடி உதறி, இன்னும் சின்னதாக மடித்தார். வெளியே வெயில் ஏரியின் அந்தக் கரையில் விழுந்து, தண்ணீரைத் தாண்டி, மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. காரின் கூரையில் விழுந்ததும் ஆவி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் முன் கண்ணாடியில் இருந்த வெள்ளை இளகி, யாரும் தொடாமலே கோடு கோடாக வழிந்து இறங்கியது. நரசிம்மன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெகதீஷின் ஓப்பல் கார்டு சுரண்டிய சத்தம் அவருக்கும் கேட்டதோ என்னவோ.

கிளம்பியபோது ஒன்பதேகால். இந்த முறை அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார்.

வெயில் படுகிற இடத்திலெல்லாம் ரோடு நன்றாகக் காய்ந்திருந்தது. மரநிழல் விழுந்த புல்லில் மட்டும் உறைபனி வெள்ளையாக, நிழலின் அதே வடிவத்தில், பாய் விரித்த மாதிரி கிடந்தது. யாமினி அறுபதுக்கு மேல் போகவில்லை. கூரையில் பனிச்சறுக்குப் பலகை கட்டிய வண்டிகள் ஒவ்வொன்றாக அவளை முந்திக்கொண்டு போயின. ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வளைவுக்குச் சற்று முன்னால் ஜல்லி போட்ட ஓரத்தில் நிறுத்தினாள்.

"இங்கதான் மாமா."

பார்க்க அங்கே எதுவும் இல்லை. ஒரு வெட்டுமேடு, பைன் மரங்கள், கீழே காய்ந்த புல்வெளியில் நாலைந்து ஆடுகள். ரோட்டோரத் தடுப்புத் தகட்டில் ஒரு துண்டு மட்டும் மற்றதைவிடப் புதிதாகப் பளபளத்தது. நரசிம்மன் அதைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன இடுப்போடு மெதுவாகக் குனிந்தார். யாமினி பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். உள்ளங்கையைத் தாரின் மேல் வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"காய்ஞ்சு கிடக்கு," என்றார்.

"ஆமா மாமா."

"அந்த ஆளு சொன்னாரு. எட்டு மணிக்கு இதுல மனுஷன் நிக்கக்கூட முடியாதாம். ஒன்பதுக்கு வந்தா வெறுங்கால்ல நடக்கலாமாம்."

யாமினி வண்டி வருகிறதா என்று வளைவைப் பார்த்தாள்.

"போன வருஷம் இதே வீக்கெண்டு, ஒரு இந்தியப் பையன், பொண்டாட்டி புள்ளையோட வந்தவன், இங்க செத்துப் போனான், பாவம்னு சொன்னாரு. என்கிட்டயே சொல்றாரு. நான் அப்படியான்னு கேட்டுக்கிட்டேன்."

"மாமா, அது கங்காரு…"

"வேணாம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்தவனுக்கு இன்னும் ஒரு கரண்டி போட வரும்போது கையை மறிக்கிற மாதிரி சொன்னார்.

நிமிர அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த முறை அவள் பிடித்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிக்கொண்டார்.

"ஒன்பதுக்கு மேல போலாம்பான்னு கேட்டான். படிச்ச பையன். அவனுக்கு இதுல நம்பிக்கையே கிடையாது. எனக்காகத்தான் எழுந்தான்."

உங்கள் மேல் தப்பில்லை மாமா என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு வருஷத்தில் அதை எத்தனையோ தடவை தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் அது வெளியே வரவில்லை. வராததை அவரும் கவனித்தார்.

ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது. காற்று இருவரையும் ஒரு தள்ளு தள்ளியது.

"போலாம்," என்றார்.

கூமா வந்தது. டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். ஊர் தாண்டி வெட்டவெளியாக ரோடு நீண்டபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே."

"தெரிஞ்சுக்கிட்டே ஒரு வருஷம் எனக்குச் சோறு போட்டியா?"

இல்லை, அப்படியெல்லாம் நினைக்கவில்லை என்று சொல்வது சுலபம். அவரும் அதை ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை.

"சில நாள் போடப் பிடிக்கல மாமா," என்றாள். "காலையில நீங்க காலண்டர்ல தேதி கிழிக்கிற சத்தம் கேக்கும். அன்னிக்கெல்லாம் உங்க முகத்தைப் பாக்க முடியாது. தட்டை வச்சுட்டு உள்ள போயிடுவேன்."

"இருக்கும்," என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா ஒரு நாளும் உப்பு கூடக்குறைய இல்லையே," என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாமினிக்கு ரோடு கலங்கியது. வேகத்தைக் குறைத்து, இமையை அழுத்தி மூடித் திறந்து, மறுபடி ரோட்டைப் பிடித்தாள். அழுவதற்குக்கூட இந்த ரோட்டில் நிறுத்தத் தோதான இடம் இல்லை.

கான்பரா தாண்டியது.

"அத்தைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா," என்றாள். "அவங்க நினைச்சிருக்கிற மாதிரியே இருக்கட்டும். இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது?"

"அந்தப் பிராணியை அவ திட்டாத நாள் கிடையாது. ஃபோன்ல நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கேன்."

"அதான் சொல்றேன்."

"நீ என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னே. நான் யாரைக் காப்பாத்தறதுக்குச் சொல்றது?" என்று கேட்டார். "அவன் அவளுக்கும் புள்ளம்மா. எப்படிச் செத்தான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"அத்தை உங்களை என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்."

"விமலா?"

"அவளும்தான்."

"இந்த வயசுல நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும் மாமா. முகத்துல முழிக்கணும்."

"நீ இருந்தியே," என்றார்.

வலது பக்கம் லேக் ஜார்ஜ் ஏரி தகரம் மாதிரி மந்தமாகக் கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் சில சுற்றின, சில சுற்றாமல் நின்றன. வடக்கே மறுபடி மேகம் கட்டிக்கொண்டிருந்தது. சிட்னியில் மழையாக இருக்கும்.

நரசிம்மனின் போன் அடித்தது. திருச்சியில் இப்போதுதான் காலை காப்பி நேரம். திரையில் மீனாம்பாள் படம். மூக்குத்தியும் பெரிய பொட்டுமாக, யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அது இரண்டு வருஷத்துக்கு முந்தின படம். நரசிம்மன் இரண்டு மூன்று மணி அடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"கிளம்பியாச்சா? எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கோம். யாமினி ஓட்டுறா."

"குளிரா இருக்கா? குல்லா போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"நேரம் பாத்துக் கிளம்புனீங்களா?"

"ஒன்பதுக்கு மேல கிளம்பினோம்."

"அந்த இடத்தைப் பாத்தீங்களா?" மீனாம்பாளின் குரல் இறங்கியது. "எப்படி இருக்கு?"

யாமினி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போதாவது ஏதாவது சொல்லி மறைத்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவர் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்வது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"பாத்தேன்," என்றார் நரசிம்மன். "நாளைக்கு வந்து சொல்றேன். எல்லாத்தையும் வந்து சொல்றேன், மீனா. விமலாவையும் இருக்கச் சொல்லு."